உங்க பொடி அரைச்சாச்சு

சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையில் நான் குடியிருந்த மாடி அறையை நானே தேர்ந்தெடுத்து வாடகைக்கு எடுத்ததாக என் சொந்தக்காரர்கள் இன்றுவரை நம்புகிறார்கள். உண்மையில் நான் அதைப் பார்க்கத்தான் போனேன். படியேறி, ஜன்னலைத் திறந்து மூடி, விஷயம் தெரிந்தவன் மாதிரி சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "யோசிச்சுச் சொல்றேங்க்கா" என்று வாயெடுத்தபோது, வீட்டுக்கார அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"சார், உங்க பக்கெட்ட பாத்ரூம்ல வெச்சிட்டேன்."

எட்டிப் பார்த்தேன். குழாய்க்கு அடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட், எனக்காகவே பிறந்தது போல உட்கார்ந்திருந்தது. வாடகை எவ்வளவு என்றே அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் பக்கெட் வந்துவிட்டது. தனக்கென்று ஒரு பக்கெட் காத்திருக்கும் ஊரைவிட்டு மனிதன் எங்கே போவான்? மறுநாள் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

அக்காவின் சுபாவமே அதுதான். நடக்கவேண்டியதை நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு பேசுவார். கொஞ்ச நேரத்தில் அந்தக் காரியமே கூச்சப்பட்டுப்போய் நடந்துவிடும். ஆள் உயரமில்லை, குரல்தான் உயரம். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்ததால் கை எப்போதும் ஈரமாக இருக்கும். பேசும்போது விரல்களை உதறுவார். எதிரில் நிற்பவர் சட்டையில் வெள்ளைப் புள்ளிகள் விழும். அந்தத் தெருவில் யார் சட்டையிலாவது மாவுப் புள்ளி இருந்தால், அவர் அக்காவிடம் எதற்கோ ஒப்புக்கொண்டுவிட்டு வருகிறார் என்று அர்த்தம்.

அவருடைய கணவர் படகில் போகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசியென்ன ஆகப்போகிறது என்ற முடிவுக்கு எப்போதோ வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம், "உங்க கல்யாணம் எப்படிண்ணே நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான் எங்க தம்பி பொண்ணு பாக்கப் போனேன்? அவுங்கப்பாகிட்ட பழைய வலை ஒண்ணு வெலைக்கி இருக்குன்னாங்க. கேட்டுட்டு வரலாம்னு போனேன். உள்ளேருந்து இவ, 'அவருக்கு டீ போட்டாச்சுப்பா'ன்னா. போட்ட டீய வேணாம்னு சொல்ல முடியுமா? குடிச்சேன். அதோட சரி."

"வலை?"

"அதயும் குடுத்தாங்க. சீர்ல சேத்துட்டாங்க."

அக்கா ஒரு மகளிர் குழுவுக்குத் தலைவி. அந்தப் பக்கத்தில் சிறுகடன் கொடுக்கும் கம்பெனி ஒன்று பெண்களைப் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்த்து, வீட்டிலிருந்தே செய்யும் தொழிலுக்குக் கடன் கொடுத்தது. வாராவாரம் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் பைக்கில் ஒரு இளைஞன் வருவான். அவனுக்கு 'லோன் சார்' என்று பெயர். பெண்கள் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள். பிறகு உட்கார்வார்கள். கடைசி ரூபாய் வந்து சேரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது விதி.

இந்த உறுதிமொழியை மாடியில் பல் துலக்கிக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் ஒரு விபத்தும் நடந்தது. சிதம்பரத்தில், கோப்புகள் ஓய்வெடுக்க வரும் ஓர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். ஒருமுறை அங்கே எல்லோரும் வரிசையில் நின்று லஞ்ச ஒழிப்பு உறுதிமொழி எடுத்தோம். கையை நீட்டியதும் என் வாய் தன்போக்கில், "நான் வாங்கும் கடனை என் குடும்பத் தொழிலுக்கே பயன்படுத்துவேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் அம்மா, "எவ்ளோ சார் குடுக்குறாங்க?" என்று கிசுகிசுத்தார்.

கூட்டம் நடக்கும் இடம் மாடிப்படிக்குக் கீழே உள்ள நிழல். நிழல் போதாதபோது பெண்கள் படிகளிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நான் இறங்க ஒரே வழி அந்தப் படிதான். ஒரு செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒருத்தியின் தவணை வரவில்லை என்று அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா."

"எழுந்திரிக்கக் கூடாது சார். ரூல்ஸு."

"நான் குழுவுலயே இல்லயே."

"நீங்க எழுந்துதான சார் நிக்கிறீங்க? நாங்கதான் எழுந்திரிக்க முடியாது."

தவணை கட்ட முடியாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவள் மல்லிகா. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன்; பணம் அனுப்ப மறந்துபோகும் ஜாதி. அவள் கடன் வாங்கி ஒரு மிக்ஸி வாங்கி, வீட்டிலேயே சென்னாக்குன்னிப் பொடி அரைத்துக்கொண்டிருந்தாள். சென்னாக்குன்னி என்றால் நகக்கண் அளவேயான இறால். காயவைத்து, மணல் போகப் புடைத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து வறுத்து அரைத்தால் பொடி. பஸ் ஹாரன் கேட்டது. குறைந்த பணத்தை நானே கொடுத்துவிட்டு ஓடினேன். அதைத் தர்மம் என்று அந்தப் பெண்கள் நினைத்திருக்கலாம். அது பஸ் டிக்கெட்.

அதற்கடுத்த வாரம் வாசலில் நல்ல நிழல் இருந்தும் அத்தனை பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காதான் விரலை உதறி விரட்டினார். "எழுந்திரிங்கடி! சாருக்குக் குடுக்க வேண்டியத குடுத்தாச்சு. இனிமே படியில யாராச்சும் குந்துனா பாத்துக்க."

எனக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கதவைத் திறந்து பார்த்தேன். வாசற்படியில் இரண்டு பாட்டில் பொடி இருந்தது.

அடுத்த வாரமும் அக்கா கீழேயிருந்து சொன்னார்: "சார், உங்க பொடி அரைச்சாச்சு." அதற்கடுத்த வாரமும். கணக்குத் தீர்ந்து வெகுநாளாகியும் பொடி நிற்கவில்லை. இப்போது அதன் விலை வாடகையோடு சேர்ந்து வந்தது. 'வேணுமா?' என்று ஒருமுறை கேட்டிருந்தால் 'வேண்டாம்' என்று சொல்லியிருப்பேன். அரைத்தாகிவிட்ட பொடியை, அதுவும் என் பொடியை, நான் எப்படி அநாதையாக விடுவது?

சிக்கல் என்னவென்றால் நான் கடல் எட்டாத அண்ணாகிராமத்துக்காரன். பலாப்பழ வாசனையில் வளர்ந்த மூக்கு. மீன் சாப்பிடுவேன், ஆனால் அது மீன் என்று எனக்கு ஞாபகப்படுத்தாத அளவுக்கு. அக்கா வீட்டு வாசலில் மல்லிகா தார்ப்பாயில் காயவைக்கும் சென்னாக்குன்னிகள் ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளிக் கண்ணால் என்னையே பார்ப்பது போல இருக்கும். அவற்றின் வாசனை என் சட்டைகளில் குடியேறியது. டவுன் பஸ்ஸில் எவ்வளவு கூட்டமிருந்தாலும் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அதை என் தோற்றத்துக்குக் கிடைத்த மரியாதை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டில்களைத் திறக்காமலேயே அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பிடிக்காதவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் பாட்டில் எங்கள் மேனேஜருக்கு. என் விடுமுறை விண்ணப்பங்களில் சிவப்பு மையால் கோடு போடுவதைத் தனிக் கலையாக வளர்த்தவர் அவர். இரண்டாவது, என் நாற்காலியை மாற்றிப் போட்ட ஸ்டோர் கீப்பருக்கு. வீட்டுக்குப் போனபோது மனசு இலேசாக இருந்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்கு அழைத்தார். பழிவாங்கல் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"என்னாய்யா அது, பொடியா? எங்க வீட்ல ரெண்டு நாளா கொழம்பே வெக்கல. இன்னும் ரெண்டு எடுத்தா. சும்மா வேணாம், காசு வாங்கிக்க."

ஸ்டோர் கீப்பர் தன் மச்சானுக்கும் சேர்த்துக் கேட்டார். டைப்பிஸ்ட் அம்மா மகளுக்குக் கேட்டார். ஆக, என் எதிரிகளின் எண்ணிக்கையை வைத்து நான் ஆரம்பித்த வியாபாரம், நண்பர்கள் வரை பரவியது. அக்காவிடம் நாலு நாலு பாட்டிலாகக் கேட்டு வாங்கி, வாங்கிய விலைக்கே எல்லோருக்கும் கொடுத்தேன். பொருளாதாரம் பற்றிப் பெரிய புத்தகங்கள் படித்திருந்தும் அதில் லாபம் என்று ஒரு அத்தியாயம் இருந்தது எனக்கு ஞாபகம் வரவில்லை. எதற்கு என்று அக்காவிடம் சொல்லவுமில்லை. 'நீங்கள் அன்போடு கொடுத்ததை நான் தின்னவில்லை' என்று எந்த முகத்தோடு சொல்வது? "பொடி எப்படி சார்?" என்று மல்லிகா கேட்கும்போதெல்லாம், "பிரமாதம்" என்பேன். மேனேஜர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

இந்தச் சமயத்தில் என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அங்கே பெண்ணின் அம்மா மூக்கைச் சுருக்கி, "எங்கேயோ கருவாடு வறுக்குறாங்க" என்று ஜன்னலைச் சாத்தினார். வறுபட்டுக்கொண்டிருந்தது நான். அறையை மாற்றிக்கொண்டு சிதம்பரத்துக்கே போய்விடுவது என்று அன்றே தீர்மானித்தேன். அக்காவிடம் சொல்லத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மல்லிகாவின் மிக்ஸி எரிந்துபோனது. சட்னி அரைக்கப் பிறந்த மிக்ஸி. மூட்டை மூட்டையாகக் கருவாடு அரைக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? இன்னொன்றை இரவல் வாங்கினாள். அதுவும் எரிந்தது. இரவல் கொடுத்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். பொடி அரைக்கிற மெஷின் ஒன்று வாங்கினால்தான் தொழில் நிற்கும். அதற்குப் பெரிய கடன் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இவள் தவணை நிற்கும். இவள் தவணை நின்றால் குழுவில் அடுத்த கடன் யாருக்கும் வராது. நைட்டி தைப்பவள், அப்பளம் போடுபவள், அக்காவின் கிரைண்டர் எல்லாம் அந்த வரிசையில் நின்றன.

மல்லிகா அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். "நான் குழுவ விட்டுப் போயிடறேங்க்கா. என்னால எல்லாரும் குந்திக்கெடக்குறாங்க."

"எங்க போற? மெஷின் வந்தாச்சு. அது எங்க வெக்கிறதுன்னு யோசன பண்ணு, போ."

மல்லிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனாள். போகிற வழியில் மாடிப்படியின் அகலத்தை முழம் போட்டு அளந்து பார்த்ததை நானே பார்த்தேன்.

ஆனால் கடலூரிலிருந்து கடன் கம்பெனியின் 'பெரிய சார்' நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்த அன்று, பொழுது சாயும் நேரத்தில், அக்கா கிரைண்டரைக் கழுவாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நான் படியேறப் போனேன்.

"சார். குடுப்பாங்களா?"

நான் நின்றுவிட்டேன். அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதிலும் அக்கா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

"குடுத்தாச்சுங்க்கா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வரல சார். இதுக்கெல்லாம் குரல் வேணும்." பிறகு எழுந்து கிரைண்டரைக் கழுவ ஆரம்பித்தார்.

அறையைக் காலிசெய்யும் விஷயத்தை அன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பெரிய சார் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. எதையும் நம்பாமலிருக்கச் சம்பளம் வாங்குபவரின் முகம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மல்லிகாவின் பொடியைப் புகழ்ந்தார்கள். அவர் கையை உயர்த்தினார்.

"அம்மா, நான் எத்தன ஊர் பாத்துருக்கேன். பொடிய நைட்டிக்காரம்மா வாங்கும். நைட்டிய அப்பளக்காரம்மா வாங்கும். அப்பளத்த பொடிக்காரம்மா வாங்கும். நாங்க குடுத்த காசு உங்களுக்குள்ளயே சுத்தும். இது தொழிலா? குழுவுல இல்லாத ஆளு ஒருத்தரு, காசு குடுத்து வாங்குறவரு, காட்டுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"மாடியில இருக்காரு. சார்! பெரிய சார் உங்கள பாக்கணும்னுட்டாரு. எறங்கி வாங்க."

பெரிய சார் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பாதி முகச்சவரத்தோடு இறங்கினேன்.

"நீங்க இந்தப் பொடி வாங்குறீங்களா சார்?"

"வாங்குறேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மல்லிகாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த நல்லவன் விழித்துக்கொண்டான். அவன் விழித்தால் எப்போதும் கேடுதான். "மூணு வேளையும் இதுதான் சார். இது இல்லாம எனக்குச் சோறு எறங்காது."

"அப்படியா? உங்களுக்குன்னு ஒரு டேஸ்ட்டு இருக்குமில்ல. சாப்பிட்டுக் காட்டுங்க, பாக்கலாம்."

தட்டில் சோறு வந்தது. புது பாட்டில் வந்தது. மூன்று வேளையும் தின்பவனுக்குரிய அலட்சியத்தோடு மூடியைத் திருகி, பாட்டிலைச் சோற்றின் மேல் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. குலுக்கினேன். அடியில் தட்டினேன். விழவில்லை. பெண்கள் வரிசையில் ஒரு முனகல் கேட்டது. பெரிய சார் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, வாயில் இறுக்கிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நகத்தால் எடுத்து எனக்குக் காட்டினார். ஈரம் போகாமலிருக்க மல்லிகா ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதைக் கட்டுவாளாம். ஒரே ஒரு பாட்டிலைத் திறந்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும்.

"மூணு வேளையும் எப்படி சார் தின்னீங்க? பாட்டிலோடவா?"

மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்குவதைத் தூரத்தில் நின்று பார்ப்பவள் போல என்னைப் பார்த்தாள். லோன் சார் தரையைப் பார்த்தான். பெரிய சார் பேனாவை மூடினார்.

அப்போது அக்கா விரலை உதறினார். பெரிய சாரின் வெள்ளைச் சட்டையில் முதல் புள்ளி விழுந்தது.

"அவரு திங்கமாட்டாரு சார். மொத நாளே எனக்குத் தெரியும். கருவாடு காயிற பக்கம் மூச்சப் புடிச்சிட்டுப் போறவரு, பொடிய எங்க திம்பாரு? பாட்டில திறக்காம பையில போட்டுத் தூக்கிட்டு ஓடுனாரு. அடுத்த வாரம் 'நாலா குடுங்கக்கா'ன்னாரு. திங்காதவருக்கு எதுக்கு நாலு? அவரு எங்க சிதம்பரம் ஏஜெண்டு சார். அவருக்குத்தான் அது தெரியாது."

நான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த குட்டு, அக்காவின் விற்பனைத் திட்டமாக இருந்திருக்கிறது.

"யாருக்கு விக்கிறீங்க?" என்றார் பெரிய சார் என்னிடம்.

"ஆபீஸ்ல... மேனேஜருக்கு..."

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டேன். "சார், நான்தான்" என்பதற்குள் மேனேஜரின் குரல் வாசல் முழுக்க ஒலித்தது.

"யோவ், கௌம்பிட்டியா? பொடி எடுத்துக்கிட்டியா? போன வாரம் எனக்கு ஒண்ணு கொறச்சிட்ட. எம் பொண்டாட்டி நீ ஏமாத்திட்டன்னு சொல்லுது. இங்க பாரு, நீ வரலன்னாலும் பரவால்ல, லீவு போட்டுக்க. பொடிய மட்டும் பஸ்ல குடுத்தனுப்பு. உன்னால இந்த ஆபீஸுக்கு ஆவற காரியம் அது ஒண்ணுதான்."

வரிசை முழுவதும் சிரித்தது. விதியை மீறி இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். பெரிய சார் சிரிக்காமலிருக்கப் பெரும் பாடுபட்டு, தோற்றார். பேனாவைத் திறந்தபடியே கேட்டார்: "உங்களுக்கு எவ்ளோ சார் கமிஷன்?"

"கமிஷனா?"

"அவரு அதெல்லாம் பாக்கமாட்டாரு சார்," என்றார் அக்கா. "படிச்சவரு."

கையெழுத்து விழுந்தது. மல்லிகா எழுந்து வந்து, என் தட்டில் அந்தப் பொடியைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து வைத்தாள். வேறு வழியில்லாமல் தின்றேன். இன்னொரு கைப்பிடி சோறு கேட்டேன். மேனேஜர் மேல் இருந்த கோபத்தில் எத்தனை பாட்டில்களை வீணாக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், என் கட்டில் வாசலில் நின்றுகொண்டிருந்தது. படியில் கயிறு கட்டி நாலு பேர் மெஷினை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மல்லிகா கீழே நின்று, "பாத்து, பாத்து" என்று பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவள் மாதிரி கத்திக்கொண்டிருந்தாள்.

"மழ வந்தா கீழ தண்ணி ஏறிடும் சார். அதான் மெஷின உங்க ரூம்ல வெச்சாச்சு. மல்லிகா மொதல்லயே அளந்துட்டா," என்றார் அக்கா.

"அப்ப நான்?"

"உங்களுக்குத்தான் சிதம்பரத்துல ரூம் பாத்தாச்சே! நீங்க போவணும்னு தவிச்சிட்டு இருந்தீங்கல்ல? உங்க மேனேஜர் சார்கிட்ட போன்ல சொன்னேன். அவரு வீட்டுக்கு எதிர்லயே புடிச்சுக் குடுத்துட்டாரு. அவருக்கும் பொடிக்கு அலைச்சல் இல்ல பாருங்க. பக்கெட்ட காலையிலயே பஸ்ல அனுப்பிட்டேன்."

காலிசெய்யப்போவதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பெண் வீட்டுக்கு மறுபடி போனபோது ஜன்னல் திறந்தே இருந்தது. அதற்கும் அக்காவுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது கடலூரில் இருக்கிறேன். சிவப்பு பக்கெட் எங்கள் குளியலறையில், கைப்பிடி போய், இன்னும் இருக்கிறது. மாதாமாதம் பஸ்ஸில் பொடி வருகிறது. வாயில் பிளாஸ்டிக் தாள் கட்டி, அதன்மேல் மல்லிகாவின் பெயர் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டி. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று இன்று யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்வேன்.

போன வாரம் அக்கா போன் செய்தார். குரல் இன்னும் அதே உயரம்.

"சார், உங்க பையன் கல்யாணத்துக்குப் பொடி, ஊறுகா, அப்பளம் எல்லாம் நம்ம குழுதான். மல்லிகாகிட்ட சொல்லியாச்சு."

"அக்கா, அவன் பத்தாவதுதான் படிக்கிறான்."

"படிக்கட்டும் சார். யாரு வேணாம்னா?"

போனை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பெண் யார் என்று அக்காவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிள்ளைப் பக்கம் எந்த வீட்டிலாவது அவனுக்கு டீ போட்டிருப்பார்கள்.